கெம்பஸ் கிடைத்த பிறகு: இலவசக் கல்வியும் வீட்டுக் கணக்கும்

தம்பிலுவிலில் நான் ஒன்பது வருடங்கள் கணக்கீடு படிப்பித்தேன். சொந்த ஊர் அக்கரைப்பற்று. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியாகிற காலத்தில் எங்கள் வாசலில் செருப்புகள் கூடிவிடும். பழைய மாணவர்களின் தம்பி தங்கைமார், அவர்களின் பெற்றோர், எங்கள் தெருப் பிள்ளைகள் என்று பலர் வருவார்கள். பாடம் கேட்பதற்கல்ல, படிவம் நிரப்புவதற்கு.

கடந்த முறை வந்தவர்களில் தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கிடைத்திருந்தது. தகப்பன் இன்னொருவரின் வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். தாய் விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கெம்பஸ் போகும் பிள்ளை இவள்தான். சந்தோசச் செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாய் ஒரு கொப்பித் தாளை என் முன்னால் வைத்தார். மகளின் கையெழுத்தில் ஒரு கணக்கு. போடிங் அறைக்கு மூன்று மாத முற்பணம் 15,000. மெத்தை, வாளி, உடுப்பு 9,000. இரண்டு பேர் போய் வர 6,000. முதல் மாதச் சாப்பாடு 15,000. பாவித்த லெப்டொப் ஒன்று 75,000. மொத்தம் 120,000 ரூபாய்.

"சேர், கெம்பஸ் படிப்பு சும்மா எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க. பிறகு இதென்ன சேர் இவ்வளவு காசி?"

"படிப்பு சும்மாதான் தங்கச்சி. இருக்கிறதும் தின்னுறதும்தான் சும்மா இல்ல" என்று சொல்லிவைத்தேன்.

சொன்னது பிழையில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு அது எனக்கே போதவில்லை. இந்த நாட்டில் பல்கலைக்கழகக் கல்வி இலவசம் என்பதில் எது இலவசம், எது இல்லை, இல்லாததற்கு அரசாங்கம் எதைத் தருகிறது, அது யாருக்கு, எப்போது கைக்கு வருகிறது என்ற விடயங்களைப் பெற்றோருக்கு விளங்கும்படி எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இலவசக் கல்விக்கு 2025 ஒக்டோபருடன் எண்பது வயது நிறைவதும் ஒரு காரணம்.

1945: இரண்டு திகதிகள்

இலங்கையில் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி. அப்போதைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. அரசாங்க சபையில் நீண்ட விவாதம் நடந்து, எதிர்ப்பையும் தாண்டித்தான் அது நிறைவேறியது. அன்று நாட்டில் இருந்தது ஒரேயொரு பல்கலைக்கழகம்தான். 1942இல் ஐவர் ஜெனிங்ஸை முதல் உபவேந்தராகக் கொண்டு கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் அது.

இந்தத் திகதி எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அதே வருடத்தில் இன்னொரு திகதி இருக்கிறது. 1945 மே 19ஆம் திகதி, ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வர இன்னும் நாலரை மாதம்கூட இல்லை.

அஸீஸை எமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆயினும் அந்த நிதியத்தின் வேர் எங்கள் கரையில்தான் இருக்கிறது என்பதை இன்றைய பிள்ளைகள் அறிந்ததாகத் தெரியவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. யுத்தகால உணவுத் தட்டுப்பாட்டுக்கு நெல் விளைவிக்கும் பகுதிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணிக்காகவே யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த, சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அஸீஸ், கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் இங்கு இருந்த காலத்தில் உருவானது. அதன் அனுபவமே பின்னர் நாடு தழுவிய நிதியமாக விரிந்தது.

கட்டணம் இல்லாமல் போகப்போகிறது என்பது சிவில் சேவையாளரான அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விடயம் 1944இலேயே சபைக்கு வந்துவிட்டது. பிறகு எதற்கு உதவி நிதி? அவர் மனதுக்குள் புகுந்து நான் சொல்ல வரவில்லை. ஆனால் சம்மாந்துறையிலோ மருதமுனையிலோ ஒரு பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்து, கொழும்பில் இலவசமாகவே படிக்கலாம் என்று கதவு திறந்திருந்தாலும், கொழும்புக்குப் போகவும் அங்கே தங்கவும் சாப்பிடவும் காசு வேண்டும். கட்டணத்தை நீக்கினால் கொழும்புப் பிள்ளைக்குத் தடை நீங்கிவிடும். கிழக்கின் பிள்ளைக்குத் தடையில் பாதிதான் நீங்கும். அந்த மிச்சப் பாதிக்குத்தான் 1945 மே மாதத்து நிதியம். தம்பிலுவில் தாய் என்னிடம் நீட்டிய தாளிலும் அதே மிச்சப் பாதிதான் எழுதியிருந்தது.

இப்போது கிடைப்பது என்ன?

அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரி மாணவருக்குக் கற்பித்தல் கட்டணம் கிடையாது. பதிவுக்கும் விடுதிக்கும் சொற்பத் தொகைதான். விடுதி கிடைத்தால் பெரிய பாரம் குறையும். ஆனால் எல்லா வருடத்துக்கும் எல்லாருக்கும் விடுதி கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் போடிங் தேட வேண்டும்.

பணமாகக் கிடைப்பவை இரண்டு. ஒன்று மகாபொல, மற்றது பேர்சரி. மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் யோசனை அது. 'பொல' என்றால் சிங்களத்தில் சந்தை. ஊர் ஊராக நடந்த மகாபொல வர்த்தகச் சந்தைகளில் சேர்ந்த பணத்தில்தான் நிதியம் ஆரம்பித்தது. பிறகு லொத்தர் வருமானமும் அதற்குள் வந்தது. அரசாங்கத் திறைசேரிப் பணமும் சேர்ந்தே மாணவர் கைக்குப் போகிறது. "லொத்தர் காசி எண்டு சொல்றாங்க, எடுக்கலாமா சேர்?" என்று எங்கள் ஊர் வாப்பாமார் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் ஆலிம் இல்லை. பணம் எங்கெங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லி, தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்கும்படி அனுப்பிவிடுவேன். கேட்காமலே விண்ணப்பத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பிறகு வட்டிக்குக் கடன் எடுத்த குடும்பத்தையும் கண்டிருக்கிறேன். அதுதான் எனக்குக் கவலை.

பெரும்பாலான மகாபொல குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்கும், சிறு பகுதி உயர்ந்த பெறுபேறு எடுத்தவர்களுக்கும் போகிறது. மகாபொல கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தோருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பணத்தில் பேர்சரி. இரண்டையும் ஒருவர் பெற முடியாது.

தொகைக்கு வருவோம். மகாபொல 2015 அளவில் 5,000 ரூபாயானது. அதன்பின் பத்து வருடமளவு அசையவில்லை. இடையில் 2022 வந்து போனது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. 5,000 மட்டும் 5,000ஆகவே நின்றது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது ஏப்ரல் முதல் 7,500 ஆக்கப்பட்டது. பேர்சரி 4,000இலிருந்து 6,500க்கு வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பத்து வருடத்தில் விலைகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்க, தொகை அப்போது ஒன்றரை மடங்குதான் ஏறியிருந்தது. 2015இல் 5,000 ரூபாய் வாங்கிய சாமானை 2025இல் 7,500 ரூபாய் வாங்காது. கூட்டியும் குறைந்திருந்தது.

நாளொன்றுக்குப் பிரித்தால் 250 ரூபாய். அந்தப் பிள்ளையின் மாதச் செலவை இருவரும் இருந்து எழுதிப் பார்த்தோம். அறை 5,000, சாப்பாடு 15,000, போட்டோக் கொப்பியும் டேட்டாவும் 3,000, ஊருக்கு வந்துபோகும் செலவை மாதத்துக்குப் பிரித்து 2,000. இருபத்தையாயிரம். அந்த 7,500 ரூபாய் மகாபொல கிடைத்தால் அதில் முப்பது வீதம் அடங்கும். முதல் மாதத் தாளில் இருந்த 120,000 ரூபாய் அந்த விகிதத்தில் பதினாறு மாத மகாபொலவுக்குச் சமன்.

இதைவிட முக்கியமானது, பணம் வருகிற நேரம். பிள்ளைகள் பதிவு செய்து, வெற்றிடங்கள் நிரப்பப்பட்டு, வருமான விபரங்கள் பரிசீலிக்கப்பட்ட பிறகுதான் பெயர்ப்பட்டியல் வரும். முதல் தவணை அதற்கும் பிறகு. வீட்டுக்கோ முதல் நாளே காசு வேண்டும். இந்த இடைவெளியில்தான் தோடு அடவுக்குப் போகிறது, சீட்டைக் கழிவுக்கு எடுக்கிறார்கள், நுண்கடன்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கத் தொடங்குகிறது. பிறகு வருகிற மகாபொல பிள்ளையின் சாப்பாட்டுக்குப் போவதில்லை. அடவுக்கடை வட்டிக்குப் போகிறது. உதவி சிறியது என்பதைவிட உதவி பிந்துகிறது என்பதே எங்கள் பகுதி வீடுகளைக் கூடுதலாகப் பாதிக்கிறது என்பது என் அனுபவம்.

இங்கே எங்கள் கரைக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழமை. பிள்ளை ஏ.எல். எடுக்கிற வயதிலேயே அத்திவாரம் போட்டிருப்பார்கள். கல்லும் மணலும் சீமெந்தும் கேட்கிற பணமும், கெம்பஸ் கேட்கிற பணமும் ஒரே பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். "வீட்டை நிப்பாட்டுறதா, புள்ளய நிப்பாட்டுறதா?" என்று ஒரு உம்மா என்னிடம் நேராகவே கேட்டார். நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் அறுபது வீதத்துக்கு மேல் பெண்கள். எங்கள் ஊர்களிலும் படிப்பில் முன்னுக்கு நிற்பது பெண் பிள்ளைகள்தான். அந்தக் கேள்வி அதனால் ஒரு வீட்டோடு முடிகிற கேள்வியல்ல. பட்டம் பெற்ற பெண்ணுக்கும் வீடு கேட்பதை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தவில்லை என்பது வேறு கதை, அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

தாளில் எழுதப்படும் வறுமை

உதவி கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வருமானச் சான்று. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். மாதச் சம்பளக்காரர் சம்பள விபரத்தைக் கொடுக்க வேண்டும். நான் படிவங்கள் நிரப்பிக் கொடுத்த வருடங்களில் மகாபொலவுக்கான குடும்ப வருமான எல்லை வருடத்துக்கு 5 இலட்சம் ரூபாய். மாதத்துக்கு 41,667 ரூபாய்.

கணக்கீடு படிப்பித்தவன் என்பதால் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 2024இல் அரச சேவையின் அடிமட்ட ஊழியர் ஒருவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாய். வாழ்க்கைச் செலவுப் படி 17,800. கூட்டினால் 42,050. பன்னிரண்டால் பெருக்கினால் 504,600. அதாவது ஒபிஸ் பியோனாக அன்றைக்குச் சேர்ந்த ஒருவர்கூட அந்த எல்லையை 4,600 ரூபாயால் தாண்டிவிடுகிறார். அவருக்கு நாலு பிள்ளைகள் இருக்கலாம். சம்பளத்தில் கடன் தவணை கழிந்து பாதிதான் கைக்கு வரலாம். படிவம் கேட்பது மொத்தத் தொகையை.

மறுபக்கம், சம்பளச் சீட்டு இல்லாதவர்கள். பத்து ஏக்கர் வயல் இருக்கிற ஒருவர், சந்தையில் கடை வைத்திருப்பவர், கட்டாரில் இருக்கும் மகனிடமிருந்து மாதாமாதம் காசு வருகிற வீடு, இவற்றின் உண்மை வருமானத்தை எந்தத் தாளும் காட்டாது. கிராம உத்தியோகத்தர் என்ன செய்வார்? சொன்னதை எழுதுவார். கூலிக்குக் கடலுக்குப் போகிறவரின் நிலை இன்னொரு விதம். ஒரு நாள் எட்டாயிரம் கிடைக்கும், பிறகு பத்து நாள் கடல் கொந்தளிப்பில் வள்ளம் இறங்காது. வருட வருமானம் எவ்வளவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பயத்தில் கூட்டிச் சொன்ன தகப்பன்மாரையும் பார்த்திருக்கிறேன், வெட்கத்தில் கூட்டிச் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். "பிச்சைக்காரன் எண்டு எழுதச் சொல்றீங்களா சேர்?" என்று ஒருவர் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

வருமானத்தைத் தாளில் அளப்பது தவிர வேறு வழி இல்லையா? தமிழ்நாட்டில் ஒரு வழியைப் பார்க்கிறோம். அங்கு 2022 செப்டெம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவி கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 இந்திய ரூபாய் அவளது வங்கிக் கணக்குக்கு வரும். 2024 ஓகஸ்டில் ஆண்களுக்கு 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. குடும்ப வருமானம் எவ்வளவு என்ற கேள்வி அதில் மையமில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதே தகுதி. பள்ளிப் பதிவேட்டைப் பொய்யாக எழுதுவது கஷ்டம். இலங்கையில் கிட்டத்தட்ட எல்லாரும் அரச பாடசாலைப் பிள்ளைகள் என்பதால் அப்படியே எடுத்துவைக்க முடியாது. ஆனால் கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளின் பட்டியல் அரசாங்கத்திடம் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்குகிறார்கள். அந்தப் பதினாறு மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. உள்ளே எடுக்கும்போது பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற அரசாங்கம், உள்ளே வந்த பிறகு முதல் மாதப் பணத்தைக் கொடுக்கும்போதும் அதைப் பார்த்தால் என்ன? சான்றுப் பரிசீலனை பிறகு ஆறுதலாக நடக்கட்டும்.

வசதியுள்ளவர் கட்டினால் என்ன?

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கொழும்பில் வசதியாக இருப்பவரின் பிள்ளைக்கு ஏன் நாங்கள் வரி கட்டிப் படிப்பிக்க வேண்டும் என்று எங்கள் வியாபாரிகளே கேட்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். படிவங்கள் நிரப்பத் தொடங்கிய பிறகு மாறினேன். யார் வசதியுள்ளவர் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பார்கள்? அதே வருமானச் சான்றை வைத்துத்தான். கட்டுவது யாராக இருக்கும்? சம்பளச் சீட்டு உள்ள ஆசிரியரும் தாதியும் பியோனும். அன்று 4,600 ரூபாயால் மகாபொலவை இழந்தவர், நாளை அதே 4,600 ரூபாயால் கட்டணமும் கட்ட நேரும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கு 1998இல் வருடத்துக்கு 1,000 பவுணுடன் கட்டணம் ஆரம்பித்தது. 2006இல் 3,000. 2012இல் 9,000. 2025இல் 9,535. கையில் காசு இல்லாவிட்டாலும் அரசாங்கக் கடன் உண்டு என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயம். ஆனால் கடனுக்கு வட்டி உண்டு. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் மாணவர்கள் அங்கே திண்டாடுகிறார்கள். சிலர் படிப்பையே தள்ளிப்போடுகிறார்கள். தகாஃபுல் முறையில் மாற்று ஏற்பாடு ஒன்றைச் செய்யலாம் என்று பிரித்தானிய அரசாங்கம் 2014இல் மக்கள் கருத்தைக் கேட்டது. 2017இல் அதற்குச் சட்ட இடமும் செய்தது. வருடங்கள் ஓடிவிட்டன, அந்தப் பணம் இன்னும் ஒரு மாணவர் கைக்கும் வரவில்லை. கட்டணம் வந்தால் அதன் பின்னால் கடன் வரும், கடன் வந்தால் வட்டி வரும். எங்கள் சமூகம் இதில் கூடுதலாக யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

இங்கேயும் ஒரு மாணவர் கடன் திட்டம் இருக்கிறது. 2017இல் உயர்கல்வி அமைச்சு அதை ஆரம்பித்தது. ஏ.எல். சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் எஸ்.எல்.ஐ.ஐ.டி., என்.எஸ்.பி.எம். போன்ற அரசு சாராத நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கான வட்டியில்லாக் கடன். தொடங்கியபோது கற்கைக் கட்டணத்துக்கு 8 இலட்சம் வரையும், வேண்டுமானால் வாழ்க்கைச் செலவுக்கு 3 இலட்சமும் என்று வைத்தார்கள். படிப்பு முடிந்த பிறகே தவணை தொடங்கும். மாணவர் முதலை மட்டும் திருப்பிக் கட்டுவார். வங்கிக்குரிய வட்டியை அரசாங்கம் கட்டும். அந்த வட்டியை அரசாங்கம் கட்டுவதால் மாணவரின் ஒப்பந்தத்தின் நிலை என்ன என்பதையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. இத்திட்டத்தைப் பற்றி எங்கள் ஊர்களில் அநேகருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பிணைக்கு ஆள் கிடைக்காமல் விடுகிறார்கள். அரச ஊழியர் இல்லாத குடும்பத்துக்குப் பிணை நிற்க யார் வருவார்?

ஏ.எல். எழுதித் தகுதி பெறுகிறவர்கள் வருடத்துக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். மிச்சப் பேருக்குத்தான் இந்தக் கடன். அதனால்தான் இதை இலவசக் கல்வியின் பின்கதவு என்று மாணவர் சங்கங்கள் சந்தேகிக்கின்றன. தனியார் கல்வி மீதான சந்தேகம் இந்த நாட்டில் பழையது. 1981இல் தொடங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரி 1989இல் அரசுடைமையாகிப் பிறகு களனிப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்தது. மாலபே சைட்டம் மருத்துவக் கல்லூரி 2017இல் போராட்டத்தின் பின் கலைக்கப்பட்டது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதமளவு வேலைநிறுத்தம் செய்து, தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கும்படி கேட்டார்கள். கிடைக்கவில்லை. அவ்வளவும் பெரிய விடயங்கள், இங்கே விரிக்க இடமில்லை.

ஊர் என்ன செய்யலாம்?

1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் முழுப் பல்கலைக்கழகமாக நிலைபெற்றது. எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சி அது. அதன் பின் எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே போய்வருகிறார்கள். போடிங்கும் இல்லை, மெஸ்ஸும் இல்லை. அது ஒரு பெரிய மாணவர் உதவிதான், அப்படி யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் மருத்துவமும் சட்டமும் கிடைக்கிற பிள்ளை ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும். வெளி மாகாணம் போகிற பிள்ளைக்கு முதல் ஆறு மாதம்தான் கண்டம். மகாபொலவோ பேர்சரியோ வந்து, மூத்த மாணவர்களின் பழக்கம் பிடித்து, டியூசன் கொடுக்கவும் தொடங்கிவிட்டால் பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும்.

எங்கள் பள்ளிவாசல்களின் ஸகாத் நிதியிலிருந்து மாணவர்களுக்கு உதவுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ரமழானில் சேர்ந்து ரமழானில் பங்கிடப்படுகிறது. பல்கலைக்கழகம் தொடங்கும் மாதம் ரமழானைப் பார்த்து வருவதில்லை. ஒரு மேடை, ஒரு பொன்னாடை, கையில் ஐயாயிரம் என்று பாராட்டு விழா நடக்கும். விழாச் செலவில் இரண்டு பிள்ளைகளின் போடிங் முற்பணத்தைக் கட்டியிருக்கலாம். இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னைக் கோபித்தும் கொண்டார்கள்.

நாங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் மூன்று பேர் சிறிதாக ஒன்றைச் செய்து பார்த்தோம். கையில் இருந்ததைப் போட்டு, வெளியூர்க் கெம்பஸ் போகிற பிள்ளைக்கு 60,000 ரூபாய் வரை கைமாற்றாகக் கொடுப்பது. வட்டி இல்லை, பிணை இல்லை. மகாபொல வரத் தொடங்கியதும் மாதம் 2,500 திருப்பித் தர வேண்டும். 24 மாதத்தில் முடியும். வராதவர்களுக்குப் பட்டம் முடிந்த பிறகு. இதுவரை ஏழு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஐந்து பேர் ஒழுங்காகத் தருகிறார்கள். ஒருவர் இடையில் நிறுத்திவிட்டார், வாப்பா மௌத்தானதால் நாங்களும் கேட்கவில்லை. ஏழாவது பிள்ளைதான் தம்பிலுவில் பிள்ளை.

அவளுக்குக் கொடுப்பதைப் பற்றி எங்களுக்குள் ஒரு கதை வந்தது. ஸகாத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு வரையறை இருக்கிறது. எங்கள் பணம் ஸகாத் இல்லை, கடன். அழகிய கடனுக்கு மதம் பார்க்கத் தேவையில்லை என்று எங்களில் மூத்தவர் சொன்னார். ஒன்பது வருடம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்றவன் நான், எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை. தாய் தோட்டைக் கழற்றவேண்டி வரவில்லை. லெப்டொப்பைத் தாளிலிருந்து வெட்டினோம். எங்கள் பழைய மாணவர் ஒருவர் பாவித்ததைத் தந்துவிட்டார்.

அடுத்த வெட்டுப்புள்ளி வருமுன் இதை வாசிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். மகாபொலவுக்கான வருமான விபரத்தைப் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தோடேயே கேட்பார்கள். கடிதம் வந்த பிறகு பார்ப்போம் என்று அந்தப் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். சம்பளச் சீட்டு, கிராம உத்தியோகத்தரின் சான்று, பாடசாலையில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் விபரம், வாப்பா இல்லாத பிள்ளையென்றால் மரணச் சான்றிதழ், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். பேர்சரிக்குத் தனிப் படிவம், அது பிள்ளை பதிவான பிறகு பல்கலைக்கழகத்தில் கொடுப்பார்கள். அதற்கும் திகதி உண்டு. படிவம் விளங்காவிட்டால் கொண்டு வாருங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.